நீலக் கோட்டுக்காரர்

பிழைப்புக்காக நாடுவிட்டு வந்தவர்களைப் படமெடுக்கும் போட்டோக்காரன் அந்த அறைக்குள் நுழைந்தபோது, நீலக் கோட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“திரும்புங்கண்ணே.”

“வேணாம் தம்பி. இந்த முகத்தைப் பார்த்தா அம்மா அழுவாங்க. இப்படியே எடுத்து அவங்களுக்கு அனுப்பிடு.”

அவர் சொன்ன எண்ணுக்குத் தன் போனிலிருந்தே படத்தை அனுப்பிவிட்டு இறங்கினான். அங்கே தங்கியிருந்த மூவரும் படியில் எதிர்ப்பட்டார்கள்.

“கோட்டு போட இன்னிக்கு என் முறைன்னு முடி வெட்டிட்டு வர்றேன், அதுக்குள்ள கிளம்பிட்டீங்களே!” என்றான் ஒருவன்.

“கோட்டுக்காரரை எடுத்துட்டேனே?”

மூவர் முகமும் வெளுத்தது. “அவன் செத்து வருஷமாச்சுங்க. அவன் அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு நாங்கதான் மாத்தி மாத்தி அந்தக் கோட்டைப் போட்டு, திரும்பி உட்கார்ந்து படம் அனுப்பறோம்.”

போட்டோக்காரனின் போன் அடித்தது.

“தம்பி, இத்தனை நாளா யார் யாரையோ உட்கார வச்சாங்க,” என்றது ஒரு வயதான குரல். “இன்னிக்குத்தான் என் புள்ள உட்கார்ந்திருக்கான்.”