வாட விட்ட செடிகள்

கல்லூரி மொட்டைமாடியில் கட்டிய பச்சை வலைக்குள் காலை வெயில் சலித்து இறங்குகிறது. ஆராய்ச்சி மாணவி ஃபாயிசா, ‘வறட்சி’ என்று சீட்டு ஒட்டிய தட்டைப்பயறுத் தொட்டிகளின் முன் குத்துக்காலிட்டிருக்கிறாள். தண்ணீரே காட்டாமல் வாட விட்டால்தான் வேர்முடிச்சுக்குள் எந்த நொதி எந்த அளவுக்குச் செடியைக் காக்கிறது என்று அளக்க முடியும். அளக்க வேண்டிய நாள் இன்று. இலைகளோ விறைப்பாக நிமிர்ந்து நிற்கின்றன; மண் சொதசொதவென்று விரலில் ஒட்டுகிறது. ஒரு செடியைப் பிடுங்கி, வேரிலுள்ள முடிச்சு ஒன்றைப் பிளேடால் கீறுகிறாள். வறட்சியில் மங்கியிருக்க வேண்டிய உட்புறம் ரத்தச் சிவப்பாக இருக்கிறது. “நான்தான் தண்ணி விடச் சொன்னேன்மா,” என்கிறார் அவளுடைய கைடு பத்ரி, டையை இறுக்கியபடி. “இன்ஸ்பெக்‌ஷன் டீம் வராங்க. வாடின செடியக் காட்டினா டிபார்ட்மென்ட்டுக்கு அசிங்கம் இல்லையா?” “சார், வாடணும்னுதானே...” தாம்பரத்துக்கு மேல் தாழப் பறக்கும் விமானம் மிச்சத்தை விழுங்கிவிடுகிறது. குழு படியேறி வந்துவிட்டது. அதன் தலைவர் சீட்டைப் படிக்கிறார், ஓர் இலையைத் தடவுகிறார். “வறட்சியிலயும் இப்படி நிக்குதா? பிரமாதம்!” “எல்லாம் இந்தப் பொண்ணோட உழைப்பு சார்,” என்கிறார் பத்ரி. எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஈர மண் ஒட்டிய விரல்களை ஃபாயிசா துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொள்கிறாள்.