கொடிக்கு ஒரு முடிச்சு

போதமலை அடிவாரத்தில் மாலை வெயில் புதருக்குள் சாய்ந்து விழுகிறது. ராசிபுரத்துக் கடைக்காரர் கேட்ட பெரிய கூடைக்கு விளிம்பு கட்ட இன்னும் ஒரே ஒரு கொடி வேண்டும். கையில் அரிவாளோடு சௌந்திரம் அண்ணாந்து பார்க்கிறாள். எதிரே மரத்தில் ஏறி, நீளமாய்ப் பளபளவென்று தொங்குகிறது ஒன்று. ஆனால் அதன் அடித்தண்டில் வெளுத்துப்போன சேலைக் கிழிசல் கட்டியிருக்கிறது. ஒருமுறை அறுத்த கொடி மறுபடி தழைத்து முற்றும்வரை யாரும் தொடக்கூடாது என்பதற்குக் கொடி அறுப்பவர்கள் வைக்கும் அடையாளம் அது.

"போன வருசம் நாம கட்டுனதுதான புள்ள, அறுத்துக்க" என்கிறான் அவள் புருசன் அப்புசாமி, சுமைக்கட்டின் மேல் உட்கார்ந்தபடி.

"ஏனுங்க, நம்ம சேலைன்னா மட்டும் கொடி சீக்கிரம் முத்திருமாக்கும்?"

அவன் சிரித்துவிடுகிறான். "அப்பக் கூடை?"

"ஒரு சாண் சின்னதாப் பின்னித் தாரேன். கடைக்காரரு வேண்டாம்னா நம்மூட்டுக்கு ஆவுது."

அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் குனிகிறாள். தண்டு பருத்ததில் துணி பட்டைக்குள் பதிந்து கிடக்கிறது. இறுகிய முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்க்கிறாள். உதட்டில் பச்சைக் கசப்பு ஒட்டுகிறது. பிறகு அதே கிழிசலை, வளர்கிற பிள்ளைக்கு அரைஞாண் கட்டுவதுபோல, விரல் நுழையும் அளவு இடம் விட்டுத் தளர்வாய்க் கட்டுகிறாள்.