கம்பெனிக்கு ஒரு பூசை

"அந்த ஷட்டரைப் பாதி இறக்குலே மக்கா."

பட்டப்பகலில் கடைக்குள் நுழைந்ததும் யோவான் சொன்ன முதல் பேச்சு இதுதான். கையில் துணியில் சுற்றிய ஜி.பி.எஸ் பெட்டி. தன் மீன்பிடி வள்ளத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார்.

கடைக்காரன் பெனினுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மூடி மறைக்கிற எதுவுமே அவனுக்கு ஆகாது. பெங்களூரில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி வேலையை உதறிவிட்டு, குளச்சலுக்கே திரும்பி வந்து ரிப்பேர் கடை போட்டவன். ஏன் உதறினாய் என்று யாரும் தெரியாமல்கூடக் கேட்டுவிடக் கூடாது. கம்பெனிக்காரன் நமக்கு வீட்டை விற்றுவிட்டுச் சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டு போகிறான் என்று ஆரம்பிப்பான். கேட்டவர் எழுந்து டீ குடிக்கப் போகும்வரை ஓயமாட்டான்.

பங்குக் கோயில் கம்ப்யூட்டரில் இருந்த கம்பெனிச் சரக்கையெல்லாம் அழித்துவிட்டு, யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்கிற சுதந்திர சாஃப்ட்வேரைப் போட்டுக்கொடுத்தான். அந்த வருஷத் திருவிழா நோட்டீஸ் முழுக்க எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக அச்சாகி வந்தது. அன்றைக்கு ஊர் வைத்த பெயர்தான் 'விடுதலை பெனின்'.

யோவானைப் பற்றியும் ஊரில் பேச்சு உண்டு. கடலுக்கடியில் பாறை கிடக்கிற இடத்துக்குப் 'பார்' என்று பெயர். மீன் அங்கேதான் கூடும். தான் கண்ட பாரை யாரும் யாருக்கும் சொல்வதில்லை, ஜி.பி.எஸ்ஸில் குறித்து வைத்துக்கொள்வார்கள். யோவான் அதில் ஒரு படி மேலே. ஒரு பாருக்காகக் கூடப்பிறந்த அண்ணன் ஜெபகனியோடு சண்டை போட்டு, அவர் சாகிறவரை பேசாமலே இருந்த மனுஷன்.

ஜெபகனி போன கையோடு அவருடைய ஜி.பி.எஸ் பெட்டியும் உப்புத்தண்ணீர் ஏறிச் செத்துப்போனது. அவர் கண்ட பார் எல்லாம் அதற்குள். அவர் மனைவி விக்டோரியா அதைத் தூக்கிக்கொண்டு பெனினிடம்தான் வந்தாள். அவன் முட்டி மோதியும் ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனிக்கே அனுப்பினான். புதுசு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நகல் எடுத்து வைக்க வழி விடாமல் பூட்டி வைத்த பாவிகள் என்று பெனின் ஊரெல்லாம் பிரசங்கம் வைத்தான்.

விக்டோரியா வாங்கிய புதுப்பெட்டி, ஒயர் பொருத்துவதற்காகப் பெனினின் அலமாரியில் இருந்தது. உள்ளே ஒரு பார்கூட இல்லை. அவள் மகன் லிஜின் வெறும் வலையோடு கரைக்கு வந்து அலுத்துப்போய், வள்ளத்தை விற்றுவிட்டுக் கொச்சிக்குக் கூலிக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இதுக்குள்ள இரிக்க பாரெல்லாம் இன்னொரு பெட்டியில ஏத்த முடியுமாலே? கம்பெனிக்காரன் முடியாதுங்கான்" என்றார் யோவான்.

"அவன் அப்படித்தான் சொல்லுவான். நான் ஏத்துவேன்."

ஜெபகனியின் பெட்டி தந்த ஆத்திரத்தில் ராப்பகலாக உட்கார்ந்து அந்தப் பூட்டை உடைக்கப் பெனினே ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். உயிரோடு இருக்கிற பெட்டியாக இருந்தால் போதும்.

"வேற ஒரு ஆளு அறியப்பிடாது" என்றார் யோவான்.

பெனினால் அடக்க முடியவில்லை. "அண்ணன் மகன் வெறும் வலையோட வாரான். நீங்க உங்க பாருக்கு ரெண்டாவது காப்பி எடுத்துப் பூட்டி வெக்கப் போறீங்க. கம்பெனிக்காரனுக்கும் உங்களுக்கும் என்ன மாமா வித்தியாசம்?"

யோவான் துணியைப் பிரித்தார். பெட்டியை அவன் பக்கமாக நகர்த்தினார்.

பெனின் முணுமுணுத்துக்கொண்டே கேபிளைச் சொருகினான். ஒன்றன்பின் ஒன்றாகப் பார்கள் திரையில் வந்து விழுந்தன. ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கக் கடலில் தேடியது அது.

"எடுத்தாச்சு. எதுல ஏத்தணும்? புதுப்பெட்டி எங்க?"

யோவான் அலமாரியைக் காட்டினார். விக்டோரியாவின் பெட்டி.

பெனினின் வாய் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தானாக மூடியது.

"பாதி, அண்ணனும் நானும் ஒரே வள்ளத்துல போயி கண்ட பாரு. மிச்சமும் அதுல கெடக்கட்டு."

"நீங்களே மாமி கையில குடுக்கலாமே."

"நான் தந்ததுன்னு அறிஞ்சா மயினி அதைக் கடல்ல வீசும். என் வீட்டுத் தண்ணிகூட வேண்டாம்னு அண்ணனுக்க சவப்பெட்டியில கைய வெச்சுச் சொன்னவ."

"அப்ப பழைய பெட்டியில இருந்து நான் எடுத்தேன்னு சொல்லுதேன்."

"உன்னால முடியாதுன்னு நீதானே ஊரெல்லாம் சொன்ன. யாரு நம்புவா? கம்பெனிக்காரன் எடுத்துத் தந்தான்னு சொல்லு."

"எந்த வாயால மாமா அதைச் சொல்லுவேன்?"

"இரிக்க வாயாலதான்" என்று சொல்லிவிட்டு யோவான் ஷட்டருக்கு அடியில் குனிந்து போய்விட்டார்.

சாயங்காலம் விக்டோரியா வந்தாள். பெனின் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கம்பெனிக்காரர்கள் மறுபடி யோசித்தார்களாம். பழைய பெட்டியில் கிடந்த பாரையெல்லாம் மெனக்கெட்டு எடுத்துத் தந்தார்களாம். தங்கமான மனுஷர்களாம்.

அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

"நல்லவியள போயி நீ எவ்வளவு ஏசியிருக்க. அவியளுக்காகக் கோயில்ல ஒரு பூசை ஒப்புக்குடுக்கணும். கம்பெனிக்க பேரைச் சொல்லு மக்கா."

பெனின் சொன்னான். அவளுக்கு வாயில் நுழையவில்லை என்று எழுதியும் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்தக் கம்பெனியின் நலனுக்காகவும் வளர்ச்சிக்காகவும் மன்றாடும்படி பங்குத்தந்தை வாசித்தபோது, கோயிலே திரும்பி விடுதலை பெனினைப் பார்த்தது. அவன் பார்த்தது, கடைசி வரிசையில் தலைகுனிந்து நின்ற யோவானை.

பிறகு, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றான், எல்லாரையும்விடச் சத்தமாக.