பதினோராவது திருத்தம்

பதினோராவது முறையாகவும் தாள்கட்டு சிவப்பு மையில் குளித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தது. முதல் பக்கத்து ஓரத்தில் பெரியவரின் கோழிக்கிறுக்கல்: 'போதாது. மறுபடி பார்க்கவும்.'

செட்டம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்த ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் யார் எந்த வினைச்சொல்லைத் தொகுக்கிறாரோ, அதுதான் அவர் பெயர். 'கெட்' அண்ணன், 'டேக்' அக்கா, 'கோ' தம்பி. இவள் தலையில் விழுந்தது 'செட்'.

லேசுப்பட்ட சொல்லா அது! சூரியன் மறைந்தாலும் செட், சிமெண்ட் இறுகினாலும் செட். முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, கடிகாரத்தில் அலாரம் வைப்பது, பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது, எலிக்குப் பொறி வைப்பது என்று எங்கே திரும்பினாலும் அந்த மூன்றே எழுத்துதான் வந்து நிற்கும்.

அத்தனைக்கும் பொருள் எழுதி, எடுத்துக்காட்டு கொடுத்து, இணைச் சொற்களை அடுக்கி, நாலே மாதத்தில் முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம் என்று ஆறு மாதம் ஓடிவிட்டது.

தாள்களை அள்ளிக்கொண்டு பெரியவரின் மேசைக்குப் போனாள். அவர்தான் தலைமைத் தொகுப்பாளர். முப்பது வருஷமாகச் சொற்களோடு குடித்தனம் நடத்துகிறவர்.

"இப்ப என்ன சார் குறை?"

"வேர்ச்சொல் பகுதி மனசுக்கு ஒட்டலையேம்மா" என்றார் அவர், நிமிராமலே.

"'உக்காரு'ங்கறதுலேர்ந்து வந்தது 'உக்கார வை'. அதுதான் செட். பழைய இங்கிலீஷ்லேயே அப்படித்தான் இருக்கு. போன தடவை நீங்களே டிக் போட்டீங்க!"

"போட்டேன். இப்ப சந்தேகமா இருக்கு. அவசரப்படாம நிதானமா பாரு. ஆமா, உன் பொண்ணு படிப்பு முடிய இன்னும் எத்தனை மாசம்?"

"எட்டு மாசம். அதுக்கும் வேர்ச்சொல்லுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"சும்மா கேட்டேன்மா."

பல்லைக் கடித்துக்கொண்டு இடத்துக்கு வந்தாள். கணவர் போன பிறகு வீட்டில் சம்பாதிப்பது இவள் ஒருத்திதான். இந்தத் தற்காலிக வேலை நிரந்தரமானால்தான் மகளின் படிப்பு தடங்கல் இல்லாமல் முடியும். சொல்லை முடித்தால் நிரந்தரம் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது.

'கெட்' அண்ணனும் 'டேக்' அக்காவும் 'கோ' தம்பியும் அப்படித்தான் ஆளுக்கொரு நாள் சொல்லை முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி. ஒருத்தராவது போன் பண்ண வேண்டுமே? எல்லாம் முடித்த திமிர் என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "மறுபடியுமா? உனக்கும் அவருக்கும் செட்டே ஆகாதுடி."

"சிரிக்காதடி, வயிறு எரியுது. என்னை முடிக்க விடாம பண்ணி, லாயக்கில்லன்னு துரத்தப் பார்க்கறாரு மனுஷன்."

"அப்ப மாடிக்குப் போ. புது நிர்வாகிகிட்ட நேராக் குடுத்துடு."

"இவரைத் தாண்டியா?"

"ஆறு மாசமா இவர் காலைப் பிடிச்சு என்ன கண்டே?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. பெரியவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, சுத்தமான பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

நிர்வாகி நாலு பக்கம் புரட்டினார். புருவம் உயர்ந்தது.

"பிரமாதமா இருக்கேம்மா! இதை எதுக்கு இத்தனை நாள் கீழேயே வச்சிருந்தாங்க?"

"அதை நீங்க எங்க பெரியவர்கிட்டதான் சார் கேக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து விழுந்தது. பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைக் கவரை எடுத்து நீட்டினார். அவள் பெயர் ஏற்கெனவே அதில் அச்சாகியிருந்தது.

"உங்க உழைப்புக்கு ரொம்ப நன்றி. வீட்டுக்குப் போய் நிதானமா பிரிச்சுப் பாருங்க."

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். பெரியவர் கை துடைத்தபடி அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் தாள்கட்டைப் பொத்தென்று போட்டாள்.

"பார்த்துக்குங்க சார். ஒரே வாசிப்புல கையெழுத்து! ஆறு மாசமா உங்களுக்குப் பிடிபடாதது அவருக்கு அஞ்சு நிமிஷத்துல பிடிபட்டுடுச்சு."

பெரியவர் தாள்கட்டைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த கவரைத்தான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதைக் குடுத்துட்டாரா?"

"குடுத்தாரே! நிரந்தர உத்தரவு. ஏன் சார், வருத்தமா இருக்கா?"

அவர் அந்தக் கவரையே காட்டினார்.

"சொல்லை முடிச்சவங்களை அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடணும், முன்னாடியே யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவும்மா. ஆறு மாசமா இந்தக் கவர் உன் கைக்கு வராம பார்த்துக்கிட்டேனே!"