இல்லம்மா

அந்த ஜவுளிக்கடையில் யாரும் "இல்லை" என்று சொல்லக்கூடாது. கேட்ட நிறத்தில் சேலை இல்லாவிட்டாலும் "வரும்க்கா" என்றுதான் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக் கிளையில் வேலை பார்த்த வரை ஜெனிட்டா அப்படித்தான் சொன்னாள். கழுத்தில் தொங்கிய பேட்ஜ் அவள் பேச்சையெல்லாம் பதிவு செய்தது. வீட்டிலும் அதைக் கழற்றக்கூடாது.

நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டதில் ஒரு மாதம் படுத்துவிட்டாள். திரும்பி வந்தபோது சேலைப் பிரிவில் அவள் இடத்தில் ஒலிபெருக்கி பொருத்திய ஒரு கம்பம் நின்றது. "வாங்கக்கா, உக்காருங்க" என்று அவள் குரலிலேயே அழைத்தது.

மேலாளர் அறையிலும் ஆளில்லை, திரைதான் இருந்தது.

"என் வேலை என்னாச்சு?"

"உனக்கு இங்க வேலை இல்லம்மா" என்றது அவளுடைய குரல், அத்தனை கனிவாக.

ஜெனிட்டாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இந்தக் கடையில அந்த வார்த்தைய நான் சொன்னதே கிடையாதே! எங்க இருந்து எடுத்தீய?"

கேட்கும்போதே தெரிந்துவிட்டது. கிறிஸ்மசுக்குப் புது கவுன் கேட்டு அழுத மகளின் தலையைத் தடவியபடி அவள் சொன்ன "இல்லம்மா" அது.

திரையை ஓங்கி அறைந்தாள்.

"அது எம் பிள்ளைக்குச் சொன்னது! அதையும் களவாண்டுட்டியளே!"