நாலு மணி வரை

லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதியின் வரவேற்பு மேசையில் வாரன் தன் கிரெடிட் கார்டைப் பெருமையோடு நீட்டினான்.

"இந்தக் கார்டுக்கு வருஷத்துல ஒரு ராத்திரி பெரிய அறை, ரெண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு, எல்லாம் இலவசம். சரிதானே?"

"சரிதான் சார். கார்டுக்காரர் நேர்ல வந்தாத்தான் சலுகை. அதான் வந்துட்டீங்களே!" என்றாள் மேசைக்குப் பின்னால் நின்ற மரிசோல்.

"நாளைக்குச் சாயந்திரம் நாலு மணிக்குத்தான் அறையைக் காலி பண்ணுவோம்" என்றான் வாரன்.

"சனிக்கிழமை கூட்டம் சார். பதினொரு மணிக்கே..."

வாரன் பக்கத்தில் நின்ற டார்லீனின் முகம் வாடியது. "நான் அப்பவே சொன்னேன். உன் ஓசியெல்லாம் கடைசியில காலை வாரிடும்!"

"சும்மா இரு, டார்லி." வாரன் மேசை மேல் சாய்ந்து கெஞ்சினான். "எனக்காக இல்லம்மா. இவ நிதானமா அலங்காரம் பண்ணிக்கணும். அவ்வளவுதான்."

மரிசோல் சிரித்துவிட்டாள். "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும், மேடம். நாலு மணி வரைக்கும் இருங்க."

லிஃப்ட் வாசலில் வாரன் இரண்டு சாவி அட்டைகளையும் டார்லீனிடமே கொடுத்தான்.

"ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு, நாளைக்கு உன்னைக் கட்டிக்கப் போற கிளிஃபுக்கு. இதுதான் என் கல்யாணப் பரிசு."

"அடப்பாவி! நமக்கு விவாகரத்து ஆகியும் நீ திருந்தலையே. இதுக்குக்கூட ஒரு டாலர் செலவு பண்ணலையே!" டார்லீன் சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லிஃப்ட் கதவு மூடும்போது வாரன் கத்தினான்: "காலைச் சாப்பாட்டை விட்டுடாதீங்க! ரெண்டு பேருக்கும் ஓசி!"