பார்க்கக் கூடாத காட்சி

"இந்தப் படத்தையா கேக்குறீங்க?"

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். வாசலில் நின்ற இருவரும் சிரிக்கவில்லை.

பேரையூர்ப் பக்கத்துக் கிராமம். பஸ் மாறி மாறி நாகமலை புதுக்கோட்டைக்கு என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். பெரியவர் பெயர் சோணை. கூட வந்தது அவர் மனைவி தங்கப்பொண்ணு. எந்தப் படம் வேண்டுமானாலும் என் வீட்டில் கிடைக்கும் என்று ஏதோ செல்போன் கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"எங்கயும் கெடைக்கல சார். யூடியூப்லகூட இல்லையாம். நீங்க வச்சிருப்பீங்கன்னாங்க," என்றார் சோணை.

வைத்திருக்கிறேன். வெளியான வாரமே பெட்டிக்குள் சுருண்ட படம். நல்ல படத்தோடு மட்டமான படத்தையும் சேர்த்து வைக்கும் வியாதி எனக்கு.

"உள்ள வாங்கண்ணே. அந்த ஹீரோவுக்கு ரசிகரா நீங்க?"

"அதெல்லாம் இல்ல சார். படம் எங்க ஊர்ல எடுத்தது. அதுல வந்து..."

"அதானே பார்த்தேன்! சொந்த ஊரை சினிமாவுல பாக்கணும். நீங்களும் கூட்டத்துல நிக்கிறீங்களாக்கும்?"

"நான் நிக்கல சார்."

நாற்காலியைக் காட்டினேன். தங்கப்பொண்ணு தரையில் உட்கார்ந்துகொண்டார், டிவிக்கு நேராக.

ஹார்ட் டிஸ்க்கை மாட்டும்போதே என் பேச்சு தொடங்கிவிட்டது. சினிமா என்றால் எனக்கு வாய் நிற்காது.

"அந்த ஆளுக்கு அழவே வராதுண்ணே. சண்டை போடுவான், ஆடுவான். அதை எவன் வேணாலும் கத்துக்கலாம். ஒரு நடிகனை அழுகையிலதான் அளக்கணும். நெஜமா அழுறவன் மூஞ்சி அசிங்கமாத்தான் இருக்கும். இவனுக்கு அழும்போதும் அழகா இருக்கணும்."

என் மனைவி பிலோமினாள் காபியோடு வந்தாள். "கேட்டதப் போடுங்க. வந்தவங்களுக்குப் பாடம் நடத்தாதீங்க."

அழுகையைப் பற்றி நான் பேசினாலே அவளுக்குப் பிடிக்காது. என் அப்பா இறந்தபோது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஏதோ ஒரு படத்தில் யாரோ ஒருவனின் அப்பா செத்ததற்கு விம்மி விம்மி அழுதேன். பக்கத்து சீட்டில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன மனுஷன் நான் என்று இன்னமும் யோசிக்கிறேன். பதில் கிடைத்தபாடில்லை. படங்கள்தான் சேர்ந்துகொண்டே போகின்றன.

"முழுசாப் பாத்தாத் தலைவலி வரும். உங்க ஊரு வர்ற இடத்தை மட்டும் போடுறேன்."

கண்மாய்க் கரை வந்தது. கருவேலங்காடு வந்தது. இருவர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. இழவு வீட்டுக் காட்சி தொடங்கியதும் நான் ரிமோட்டை எடுத்தேன்.

"இது கொடுமை. வேணாம். அடுத்து திருவிழா வரும், உங்க ஊரு அதுல ஜோரா இருக்கும்."

வேகமாக ஓட்டினேன்.

"ஓட்டாதீங்கய்யா!"

தங்கப்பொண்ணு அலறிய அலறலில் பிலோமினாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"பின்னால கொண்டாங்க சார். அதத்தேன் பாக்கணும்," என்றார் சோணை.

"ஏக்கா, அந்த ஆளு அழுறதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

தங்கப்பொண்ணிடம் கேட்டுக்கொண்டே பின்னால் கொண்டுவந்தேன்.

தெருவில் பந்தல். நாற்காலியில் உட்காரவைத்த பிணம். தாடையைச் சேர்த்துத் தலையோடு கட்டிய வெள்ளைத் துணி, நெற்றியில் காசு, கழுத்து நிறைய மாலை. ஹீரோ ஓடி வந்து காலில் விழுந்து கதறினார்.

"பாருங்க, முழுக்க கிளிசரின். அழுதுக்கிட்டே கேமரா எங்க இருக்குன்னு தேடுறான். இந்தப் படத்துலயே ஒழுங்கா நடிச்சது அந்தப் பொணம் ஒண்ணுதான். இமை அசையல, மூச்சு தெரியல."

இதற்கு எப்போதும் நண்பர்கள் சிரிப்பார்கள்.

"நிப்பாட்டுங்கய்யா," என்றார் தங்கப்பொண்ணு.

நிறுத்தினேன். பிணமாக நடித்தவனின் முகம் திரை நிறைய நின்றது. சின்ன வயசு. மீசை அடர்த்தியாகக்கூட இல்லை.

தங்கப்பொண்ணு உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து டிவியை ஒட்டிப் போனார். முந்தானையால் திரையைத் துடைத்தார்.

"எங்க மகன் சார், ஜெயபாண்டி," என்றார் சோணை மெதுவாக. "பொணமா உக்கார ஊர்ல ஒருத்தனும் ஒத்துக்கல. இவன் சிரிச்சுக்கிட்டே போய் உக்காந்துட்டான். எடுத்து முடிச்சதும் பூசணிக்காயச் சுத்தி ஒடச்சாங்க, எந்திரிச்சு வந்து டீ குடிச்சான். இவதான் ரொம்ப நாள் அவன்கூடப் பேசல. பெத்தவ பாக்கக் கூடாத கோலம்னு சொல்லி, படம் வந்தப்ப தியேட்டர் பக்கமே போகல."

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

"தம்பி இப்ப எங்க இருக்காரு?"

சோணை தலையைக் குனிந்துகொண்டார். தங்கப்பொண்ணு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"கொரோனாவுல பொட்டலமாக் கட்டி ஆஸ்பத்திரியிலருந்து நேராச் சுடுகாட்டுக்குக் கொண்டு போயிட்டாங்கய்யா. ஒருவாட்டி மொகத்தக் காட்டுங்கன்னு கால்ல விழுந்தேன், காட்டல. இப்பத்தான் எம்புள்ளையப் பாக்குறேன். இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."